ஆறு போத்தல்களும் என் மூக்கும்

காலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாணத்துப் புத்தூரில் எங்கள் பால் சேகரிப்பு நிலையத்தின் கதவைத் திறந்தால், ஒன்பது மணிவரை எனக்கு ஒரே வேலைதான். பால் கான்களின் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பது. மூடி கழன்றதும் வரும் முதல் மூச்சில் அந்தப் பாலைப் பற்றித் தெரிய வேண்டிய எல்லாமே இருக்கும். இரண்டாவது மூச்சில் பாதி போய்விடும். மூன்றாவதில் மூக்கு பழகிவிடும், பிறகு அதை நம்ப முடியாது. வெங்காயத் தாள் தின்ற மாட்டின் பால், அடுப்புப் புகை பிடித்த பால், சைக்கிள் கரியரில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு சேர்ந்து வந்த பால், கழுவாத கானில் ஊற்றிய பால் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பிவிடுவேன். பால்மானியும் மற்றக் கருவிகளும் அதற்குப் பிறகுதான்.

"இண்டைக்கு உதை எடுக்கேலாது" என்று முப்பது வருடமாக ஆட்களின் முகத்துக்கு நேரே சொல்லி வருகிறேன். சொந்தக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். கோவித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த நாள் கானைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவார்கள். ஐம்பத்தெட்டு வயதுச் சைவசமயக் குடும்பத்துப் பெண் ஐரோப்பிய வைனைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எங்கே படித்தாள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. நான் படித்தது பாலில்தான்.

என் தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். பிரான்சில் ஒரு நடுத்தர நகரத்தில், வைன் மட்டும் விற்கும் பழைய கடையொன்றில் இருபது வருடமாக வேலை செய்கிறான். வேலை என்றால் பெட்டி இறக்குவது, நிலவறையில் அடுக்குவது, வாடிக்கையாளர் வீடுகளுக்கு வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது. போன வருடம் ஆடி மாதம், சோளகக் காற்று கிணற்றடி வாழைகளைக் கிழித்துக்கொண்டிருந்த நாட்களில், மனைவியோடும் மகளோடும் ஊருக்கு வந்தான். மூன்று பேரின் பெட்டிகளிலும் ஆளுக்கு இரண்டாக ஆறு போத்தல் வைன் இருந்தது. மனைவியும் மகளும் சாவகச்சேரியில் தாய் வீட்டுக்குப் போய்விட, தம்பி போத்தல்களோடு எங்கள் வீட்டில் தங்கினான்.

உண்மையில் வீட்டுக்கு வந்தவை ஐந்துதான். ஒரு போத்தல் பையிலிருந்து உருண்டு, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வந்த வானின் இருக்கைக்குக் கீழே போய்விட்டது. வான்காரர் மூன்றாம் நாள் அதைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து தந்தார். வான் இரண்டு நாளும் யாழ்ப்பாண நகரத்தில் வெயிலில் நின்றிருக்கிறது. போத்தலைத் தொட்டால் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோலச் சுட்டது. தக்கை அரை விரற்கடை மேலே எழும்பி, ஓரத்தில் சிவப்பாகக் கசிந்திருந்தது.

"உது போச்சு அக்கா. ஊத்துவம்" என்றான் தம்பி.

"நில். ஊத்திறதுக்கு முதல் நான் ஒருக்கா மணந்து பாக்கிறன்" என்றேன்.

நான் வைனை மணந்தது அதுதான் முதல் தடவை. பழப்பாகு காய்ச்சும்போது கிண்டாமல் விட்டு அடிப்பிடித்தால் வரும் மணம். வாயில் விட்டால் வெந்த பழம், பிறகு கறுத்துப்போன சீனி, கடைசியில் ஒரு சோர்வு. அணையப்போகும் அடுப்பைப்போல அந்தச் சுவை பொத்தென்று விழுந்து முடிந்தது. முற்றத்தில் துப்பினேன்.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னெண்டு துப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பாலைத் துப்பிறன்தானே."

"அங்கை கடையிலை பெரிய ஆக்கள் உப்பிடித்தான் செய்வினம். வாயிலை வைச்சுச் சுழட்டிப்போட்டுத் துப்பிப்போடுவினம். நான் பெட்டி தூக்கிக்கொண்டு போகேக்கை பாத்திருக்கிறன்."

"நீ குடிச்சுப் பாக்கேல்லையோ?"

"என்னை ஆர் கேட்டது?" என்று சிரித்தான். சிரிப்பு முகத்தில் நீண்ட நேரம் நிற்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தோம். மீதி ஐந்தையும் அவன் இருக்கும் நாட்களுக்குள் ஒவ்வொன்றாகத் திறப்பது, பின் விறாந்தையில் பிற்பகல் நாலு மணிக்கு. அதுவரை என் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் வெளியே எடுத்துவிட்டுப் போத்தல்களைப் படுக்க வைத்தோம். மூன்றாவது ஆள் என் கணவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாப்பாட்டிலோ குடிவகையிலோ இதுவரை அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அது நல்ல குணந்தான், ஆனால் இந்த வேலைக்கு உதவாது.

முதலில் திறந்தது பிரான்சின் அல்சாஸ் பக்கத்து வெள்ளை வைன், ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்தது. எட்டு வருடம் பழையது என்றான் தம்பி. வெளிச்சத்தில் பிடித்தால் நல்லெண்ணெய் நிறம். நான் மூக்கை வைத்தேன். வைத்த மறுகணமே எடுத்தேன்.

"மண்ணெண்ணெய். உதை எடுக்கேலாது."

தம்பி இருமல் வருமட்டும் சிரித்தான். "அக்கா, உந்த மணத்துக்குத்தான் சனம் கூடக் காசு குடுத்து வாங்கிறது! இந்தப் பழத்தின்ரை குணமே அதுதான். வயசு போகப் போக உந்த மணம் வரும். பழுதில்லை."

"மண்ணெண்ணெய் மணக்கிறது பழுதில்லையோ?"

"நல்லாத்தானே இருக்கு" என்றார் கணவர். அவருடைய கிளாஸ் அதற்குள் காலி.

நான் கிளாஸை மேசையில் வைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்தேன். மண்ணெண்ணெய் இன்னும் இருந்தது, ஆனால் பின்வாங்கி ஒரு மூலையில் நின்றது. அதற்கு முன்னால் தேசிக்காய்த் தோல், அப்போதே வெட்டிய புளி மாங்காய், மழை நனைத்த கல். வாயில் விட்டால் பல்லெல்லாம் கழுவிவிட்டதுபோல ஒரு புளிப்பு, அதற்கடியில் தேன் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு மட்டும் ஓர் இனிப்பு. விழுங்கினேன். விழுங்கிய பிறகும் தேசிக்காய்த் தோல் நாக்கிலே நின்றது.

"நான் சொன்னது பிழை. உது நல்ல சாமான்" என்றேன்.

பிழை என்று ஒப்புக்கொள்வது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. ஒரே பிழையை இரண்டாம் தடவை விடுவதுதான் வெட்கம். அதனால் மனதில் குறித்துக்கொண்டேன்: கெட்ட மணம் ஒன்று இருப்பது மட்டும் போதாது, அதற்குக் கீழே உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது இத்தாலியச் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியோடு, அன்றைக்கு மட்டும் மத்தியானத்தில் திறந்தோம். தனியே குடித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. பாதி பழுத்த நாவற்பழத்தைக் கடித்ததுபோல நாக்கையும் கன்னத்தையும் பிடித்து இழுத்தது. ஆனால் ஒரு கவளம் சோறு, நெய்யாக உருகிய கொழுப்போடு ஒரு துண்டு இறைச்சி, அதற்கு மேல் ஒரு மிடறு என்று எடுத்தபோது எல்லாம் அடங்கிப்போய் உட்கார்ந்தது. அந்தக் கயர்ப்பு கொழுப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம். உறைப்போடு கொஞ்சம் சண்டை பிடித்ததும் உண்மை. அடுத்த முறை மிளகாய்த்தூளைக் குறைப்பேன்.

அதற்கடுத்தது, பொன் நிறத்தில் ஓர் இனிப்பு வைன். சாவகச்சேரியிலிருந்து தம்பியின் மனைவி அனுப்பிய பலாச்சுளையோடு குடித்தோம். தேனும் தோடம்பழத் தோலும் குங்குமப்பூவும் ஒன்றாகச் சேர்ந்த மணம். பாகுபோல இனித்தும் திகட்டவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு மிடறின் முடிவிலும் புளிப்பு வந்து வாயைக் கழுவிக்கொண்டு போனது. பலாச்சுளையும் வைனும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவில்லை. நான் இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னேன். தம்பி ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் சொன்னான்.

"உது பூஞ்சணம் பிடிச்ச பழத்திலை செய்யிறது அக்கா."

"என்ன?"

"மெய்தான். கொடியிலையே விட்டுப் பூஞ்சணம் பிடிக்க வைச்சுப் பேந்துதான் பறிப்பினம். பூஞ்சணம் தண்ணியைக் குடிச்சிடும், இனிப்பு மட்டும் நிக்கும்."

நான் கிளாஸுக்குள் இன்னொரு முறை மூக்கை விட்டேன். பூஞ்சணத்தின் அடையாளமே இல்லை. அவன் கைதட்டிச் சிரித்தான். பால் நிலையத்து அக்காவை இரண்டு முறை மடக்கிவிட்ட சந்தோஷம் அவனுக்கு. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மீதி இருந்த இரண்டும் ஒரே மாதிரியான போத்தல்கள். பிரான்சின் பேர்கண்டிப் பக்கத்தில் செய்த பழைய சிவப்பு. அவற்றைப் பற்றித் தம்பி அதுவரை வாய் திறக்கவில்லை. புதன்கிழமை நாலு மணிக்குக் கிளாஸ்களைத் தானே கழுவித் துடைத்து, ஷேர்ட் ஒன்றும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் சொன்னான். கடைக்குச் சொந்தக்கார அம்மாவின் கணவர் ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோனார். வீட்டு நிலவறையில் அவர் தனக்கென்று வைத்திருந்த வைனிலிருந்து இரண்டை, இருபது வருட வேலைக்காகத் தம்பியைக் கூப்பிட்டு அந்த அம்மா கையில் கொடுத்திருக்கிறார். ஒன்றை ஊரில் அக்காவோடு குடிக்கச் சொல்லி. மற்றதை அவன் தன் மகளின் கலியாண நாளுக்கென்று நினைத்து வைத்திருந்தான். பிரான்சில் பூட்டிவிட்டு வர மனம் வராமல் இரண்டையுமே கொண்டுவந்துவிட்டான்.

தக்கையை மெல்ல இழுத்தான். உடையாமல் வந்தது. ஊற்றி, முதல் கிளாஸை என்னிடம் நீட்டினான்.

முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு நானே வைத்த சட்டத்தை மீறி மூன்று முறை மணந்தேன், வேறு ஏதாவது வந்துவிடாதா என்று. வரவில்லை. மழையில் நனைந்து, அறை மூலையில் சுருட்டிப் போட்டு, ஒரு கிழமை கழித்து விரித்த சாக்கு. வாயில் விட்டால் மட்டை ஊறிய தண்ணீர். பழம் இல்லை, புளிப்புக்கூட ஒழுங்காக இல்லை, முடிவில் ஒரு கசப்பு மட்டும். படிக்கத்தைக் கிட்ட இழுத்துத் துப்பினேன்.

தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் மற்ற நாலுக்கும் உள்ளதைச் சொல்லிவிட்டு இதற்கு மட்டும் பொய் சொன்னால், முதல் சொன்னவையும் பொய்யாகிவிடும்.

"தம்பி, உது பழுது."

"பழுதோ?"

"பூஞ்சணச் சாக்கு மணக்குது. கீழை ஒண்டுமில்லை."

அவன் தன் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தான். "நீங்கள் மண்ணெண்ணெய்க்கும் உப்பிடித்தான் சொன்னனீங்கள். பூஞ்சணம் பிடிச்சதை ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சனீங்கள். உங்களுக்குப் பால்தான் தெரியும் அக்கா. இது வேறை."

"வேறைதான். ஆனா சாக்கு சாக்குத்தான்."

கணவர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "கொஞ்சம் அடக்கமா இருக்கு. மற்றும்படி நல்லாத்தான் இருக்கு."

"அடக்கமில்லை. செத்துப்போய்க் கிடக்கு" என்றேன்.

"இஞ்சாரும், நீர் கொஞ்சம் சும்மா இரும்" என்றார் அவர், மெதுவாக.

தம்பி எழும்பினான். "அந்த மனிசி தன்ரை புருசன் வைச்சிட்டுப் போனதைத் தந்தது. இருவது வரியத்திலை எனக்கு ஆரும் அப்பிடி ஒண்டு தரேல்லை. அதைப் போய்ப் பழுது எண்டுறியள்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கிளாஸில் மீதி அப்படியே இருந்தது. அவனும் அதைக் குடித்து முடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். தக்கையைத் திருப்பி அடித்துப் போத்தலைப் பழைய இடத்தில் வைத்தேன்.

இரண்டு நாள் எங்களுக்குள் "சாப்பிடுறியோ", "ஓம்" என்ற அளவில்தான் பேச்சு. நிலையத்தில் கான் மூடியைக் கழற்றும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. அப்படி ஒரு தயக்கம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்துக்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் அந்தப் போத்தலைத் திறந்து ஒரு விரற்கடை ஊற்றினேன். புதன்கிழமையைவிடச் சாக்கு மணம் கூடியிருந்தது. ரீஸ்லிங்கின் மண்ணெண்ணெய் நேரம் போகப் போகப் பின்னுக்குப் போனது. இது முன்னுக்கு வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றது. அதோடு என் தயக்கம் முடிந்தது.

சனிக்கிழமை பிற்பகல் நாலு மணியளவில் தம்பியின் கைத்தொலைபேசிக்கு வீடியோ அழைப்பு வந்தது. பின் விறாந்தையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரையில் நரைத்த கட்டை மயிரும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு அம்மா. அங்கே மத்தியானம் பன்னிரண்டரை, கடையை மூடிச் சாப்பிடப் போகும் நேரமாம். "மதாம், மதாம்" என்று தம்பி எழும்பி நின்றே பேசினான். பிறகு தொலைபேசியை என் பக்கம் திருப்பி, "எங்கடை அக்கா" என்று காட்டினான். நான் கும்பிட்டேன். அந்த அம்மாவும் கையைக் கூப்பினார்.

"என்ன கேக்கிறா?"

"ஒண்டுமில்லை. சுகம் கேக்கிறா. போத்தல் எப்பிடி எண்டு கேக்கிறா."

"பழுது எண்டு சொல்லு."

தம்பி பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னான். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பழுது என்று கேட்ட முகம் அப்படி மலராது. நான் கீரையை வைத்துவிட்டு எழும்பிப்போய், அந்தப் போத்தலைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் பிடித்து, மூக்கைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. தம்பியிடம் ஒரு சொல் கேட்டார்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஏன் இப்பிடிச் செய்யிறியள்? என்ன பிழை எண்டு கேக்கிறா."

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. மழைக்கு நனைஞ்சு ஒரு கிழமை மூலையிலை கிடந்த சாக்கு. வாயிலை மட்டை ஊறின தண்ணி. நேத்தைக்கு இன்னும் கூடிப்போச்சு."

அவன் சொன்னான். இம்முறை உள்ளபடிதான் சொல்கிறான் என்பது, ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் படும் பாட்டில் தெரிந்தது. அந்த அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கேட்டதைத் தம்பி சொன்னான்: "உங்கடை ஊர் வெக்கையிலை கெட்டிருக்குமோ எண்டு கேக்கிறா."

"இல்லை. வெக்கை பட்டதை வான்காரன் கொண்டந்து தந்தவன், அதையும் நான் பாத்தனான். வெக்கை பட்டால் அடிப்பிடிச்ச பாகு மணக்கும். தக்கை எழும்பி நிக்கும். இதின்ரை தக்கை அசையேல்லை. இது வேறை."

இதைக் கேட்டதும் அந்த அம்மா முன்னுக்குச் சாய்ந்து, வேகமாக, நீளமாகப் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கோபமில்லை என்று மட்டும் தெரிந்தது. தம்பி இரண்டு தரம் "வுய், மதாம்" என்று தலையாட்டினான். பிறகு என்னிடம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

"தக்கையாலை வாற பழுதாம் அக்கா. தக்கை மரத்திலை எப்பெண்டாலும் ஒண்டிலை உந்தப் பூஞ்சணக் குணம் இருக்குமாம். ஆற்றையும் பிழை இல்லை. அவவின்ரை மனிசன் ஒவ்வொரு தரம் நல்ல போத்தல் திறக்கேக்கையும் கை நடுங்கித்தான் திறக்கிறவராம். உங்களுக்கு முன்னமே தெரியுமோ எண்டு கேக்கிறா."

"எனக்குச் சாக்குத் தெரியும் எண்டு சொல்லு."

அதைக் கேட்டு அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தம்பியைப் பார்த்து அமைதியாக ஒன்று சொன்னார். அவன் திகைத்துப்போய் நின்றான்.

"மற்றதைத் திறக்கட்டாம். இப்பவே. அவ பாத்துக்கொண்டிருக்கிறாவாம்."

"அது மகளின்ரை கலியாணத்துக்கு எண்டு வைச்சது" என்றேன்.

"நான் சொன்னனான். இனி வைச்சு வைச்சுப் பயப்பிட வேண்டாமாம். கலியாணத்துக்குத் தான் வேறை தாறாவாம்."

அவன் அந்த இரண்டாவது போத்தலை எடுத்துக்கொண்டு வந்தான். கணவரும் பேப்பரை மடித்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு அவன் தக்கையை இழுத்தான். இதுவும் அப்படியே இருந்தால் அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குள்ளும் பயம் வராமலில்லை. என்றாலும் ஊற்றியதும் வழக்கம்போல நான்தான் முதலில் எடுத்தேன்.

உழுத செம்மண்ணில் முதல் மழை. அவித்த பீட்ரூட். காய்ந்த ரோசா இதழ். கடைசியில், மெல்லியதாக, கராம்பு. நிறத்தைப் பார்த்தால் தண்ணீர் கலந்ததுபோல வெளிறி இருந்தது, வாயில் விட்டாலும் பாரமில்லை. ஆனால் விழுங்கிய பிறகு அது போகவில்லை. நான் கிளாஸை மேசையில் வைத்து, கையைச் சேலையில் துடைத்து, கணவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகும் தொண்டையில் அது பேசிக்கொண்டே இருந்தது. படிக்கத்தை நான் தேடவேயில்லை.

"தம்பி, உது எடுக்கலாம்" என்றேன். என் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவன் அதையும் அப்படியே மொழிபெயர்த்தான்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவனிடம் ஏதோ கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் பதில் சொல்லவேண்டிய கேள்வி இல்லை என்று அவன் முகத்திலிருந்து தெரிந்தது. கிளாஸை எடுத்து நீண்ட நேரம் மணந்தான். ஒரு மிடறு குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, தடுக்கித் தடுக்கிப் பேசத் தொடங்கினான். போகப் போகத் தடுக்கல் குறைந்தது. என் தம்பி இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டது குறைவு. அந்த அம்மா இடையில் குறுக்கிடவே இல்லை.

அழைப்பு முடிந்த பிறகு கேட்டேன். "என்ன கேட்டவ?"

"உனக்கு என்ன மணக்குது எண்டு கேட்டவ." கிளாஸைச் சுழற்றிக்கொண்டே சொன்னான். "நிலவறைப் படியிலை பெட்டியோடை இறங்கேக்கை, மூண்டாம் படியிலை ஒரு குளிர் மணம் வரும். அதைச் சொன்னன். பீட்ரூட் சொன்னன். பேந்து… தெரியேல்லை, வாயிலை வந்ததெல்லாம் சொன்னன்."

"புதன்கிழமைப் போத்தல் பழுது எண்டு உனக்கும் தெரியும்தானே?"

கிளாஸைச் சுழற்றுவதை நிறுத்தினான். "தெரியும். கிளாஸை வாயிலை வைச்ச உடனை தெரியும்."

கணவர் தன் கிளாஸை நீட்டினார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. பொரித்த சூடை மீனோடு மூவரும் பொழுது சாய முதலே அந்தப் போத்தலை முடித்துவிட்டோம்.

ஆவணியில் அவர்கள் திரும்பிப் போனார்கள். இரண்டு கிழமை கழித்துத் தம்பி பேசினான். புதிதாக வரும் சரக்கைக் கடையில் எடுப்பதா விடுவதா என்று வியாழக்கிழமைகளில் நாலு பேர் உட்கார்ந்து ருசி பார்ப்பார்களாம். அந்த மேசைக்குத் தன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். பெட்டி தூக்கும் வேலை இன்னும் இருக்கிறது. இது அதற்கு மேலதிகமாம். முதல் நாள் பயத்தில் எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றான். நான் நன்றாக ஏசினேன். மார்கழியில் பேசும்போது குரல் மாறியிருந்தது. ஒரு சிவப்பு வைனில் மாட்டுக்கொட்டில் மணக்கிறது என்று அவன் சொல்ல, கொண்டுவந்த வியாபாரி ஒருமணி நேரம் வாதாடினாராம். மற்றவர்களும் இரண்டு பட்டார்களாம். இவன் தன் சொல்லிலேயே நின்றானாம்.

"பேந்து?"

"பேந்தென்ன, எடுக்கேல்லை. ஆனா அக்கா, கொஞ்சம் கொட்டில் மணம் சிலருக்குப் பிடிக்குமாம். அதாலை கூடிப்போச்சு எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"மெய்தான். சொல்லிற விதமும் இருக்கு" என்றேன்.

இந்த வருடம் தம்பியின் மகள் தோழிகளோடு வந்து எங்களோடு மூன்று நாள் நின்றாள். கையில் ஒரு வெள்ளை வைன் போத்தல். தகப்பன் தானே ருசி பார்த்துத் தெரிந்து, தன் பெயரில் கடைக்கு எடுப்பித்த முதல் வைனாம். திறந்தோம். மல்லிகைப் பூவும் றம்புட்டான் பழமும் குடம் குடமாக மணந்தது. இரண்டு மிடறுக்கு மேல் எனக்குப் போகவில்லை. மணமெண்ணெய் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரும் ஆளைப்போல. கவனமாக இரண்டு மூன்று முறை பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. சுத்தமான, ஒழுங்கான வைன்.

அன்று பின்னேரமே அவனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "ஒரு குறையும் இல்லை. நல்லாத் தெரிஞ்சிருக்கிறாய். ஆனா எனக்குப் பிடிக்கேல்லை."

"ஏன், எங்கை பிடிக்கேல்லை? வடிவாச் சொல்லுங்கோ" என்றான். பேனையைத் தேடும் சத்தம் கேட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மல்லிகையிலிருந்து தொடங்கினேன்.